மாதிரி எண் இரண்டு

செப்டம்பர் 9, செவ்வாய்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய கோழிப் பண்ணைகள் எல்லாம் இனி நீர் மாசுச் சட்டத்தின்படி இசைவாணை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பண்ணை நடத்தக் கூடாது என்று இருந்தது. முதலாளி நல்லசிவம் அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

"நீயே பாத்துக்க வசந்தா. இந்த எழுத்து வேலையெல்லாம் எனக்கு ஆகாது."

கேட்டிருந்த விவரங்களை ஒரு தாளில் எழுதினேன். ஷெட் ஆறு. முட்டைக் கோழி அறுபத்தெட்டாயிரம். குவார்ட்டர்ஸில் தங்கி வேலை செய்பவர்கள் பத்தொன்பது பேர். ஆழ்துளைப் போர் ஒன்று. எருக்குழி ஒன்று, மண்குழி. போருக்கும் எருக்குழிக்கும் உள்ள தூரத்தையும் கேட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸில் இருக்கும் மங்கலை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். முப்பத்தெட்டு மீட்டர். நூறு மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது கடிதம். அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்க திவாகர் என்று ஒரு கன்சல்டன்ட் வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. ஷெட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். எருக்குழி அருகே போனதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். முதலில் நமக்கு மட்டும் தெரிந்துகொள்ளலாம், பிறகு வாரியத்துக்குக் கொடுக்கலாம் என்றார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் வீட்டிலிருந்து கொண்டு வந்த பாட்டிலைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

போர் தண்ணீரின் முடிவு வந்தது. நைட்ரேட் 212. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கக் கூடாதாம்.

அண்ணன் முகம் வாடிவிட்டது. "அம்பது வருசமா இதே தண்ணியத்தான் குடிக்கறோம். எங்கப்பன் இதையே குடிச்சு எண்பத்திரண்டு வரைக்கும் இருந்தாரு."

"பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது சார்" என்றார் திவாகர். "கைக்குழந்தைக்குத்தான் ஆகாது. ஆனா பேப்பர்ல இந்த நம்பர் போனா பைல் அப்படியே நின்னுடும். குழிக்கு கான்கிரீட் போடணும், இடம் மாத்தணும், ஒரு வருஷம் இழுக்கும். வேற நல்ல கிணறு ஏதாச்சும் இருக்கா?"

வாய்க்கால் மேட்டில் அண்ணனின் தென்னந்தோப்பு இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

குவார்ட்டர்ஸுக்குப் போகும் குழாய் லைன் தனி என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

தோப்புக் கிணற்றில் பாட்டில் நிரப்பியாயிற்று. லேபிள்: மாதிரி எண் 2, பண்ணை ஆழ்துளைக் கிணறு. நல்ல வெயில்.

அக்டோபர் 3, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. நைட்ரேட் 18. தூரம் கேட்ட கட்டத்தில் திவாகரே 110 என்று எழுதினார். விண்ணப்பம் போய்விட்டது. அண்ணன் ஷெட் ஆட்கள் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் அதிகமாக.

என் வீட்டுக்காரர் இந்தப் பண்ணை லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்த மறுமாதமே அண்ணன் வீட்டுக்கு வந்து, "நாளையில இருந்து ஆபீசுக்கு வந்துரு" என்றார். பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சுக்மதியைப் பார்க்கக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மங்கலின் மனைவி. ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்றாம் ஷெட்டில் முட்டை பொறுக்குவாள். குழந்தைக்கு ஆறு வாரம். மார்பில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள், அதோடு பால் நின்றுவிட்டது. பவுடர் பால்தான் கொடுக்கிறாள்.

குழந்தைக்குப் பூல்மணி என்று பெயர்.

"அக்கா மணி, பாப்பா மணி" என்று என்னையும் குழந்தையையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சிரித்தாள். என் முழுப் பெயர் வசந்தாமணியில் உள்ள மணியை எப்போது கண்டுபிடித்தாளோ.

பவுடரை வெறும் குழாய்த் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தாள். "அப்படியே ஊத்தக் கூடாது. நல்லா கொதிக்க வெக்கோணும். பத்து நிமிசம் தளதளன்னு கொதிக்கோணும், அப்புறம் ஆற வெச்சுக் கலக்கோணும்" என்று அடுப்பில் வைத்துக் காட்டினேன். என் போனில் பத்து நிமிஷம் பார்த்துக் காட்டினேன். அப்படியே பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்.

அக்டோபர் 22, புதன்

மூன்று நாளாக விடாத மழை. இரண்டாம் ஷெட் ஓரம் ஒழுகி நூறு அட்டை முட்டை வீண். எருக்குழி நிரம்பி வழிகிறது. டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் போர் மேடை வரைக்கும் வந்து நின்றது. மண் மூட்டை போடச் சொன்னேன்.

அக்டோபர் 30, வியாழன்

சுக்மதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தாள்.

"அக்கா, பாப்பா கலர் வேற."

உதட்டைப் பார்த்தேன். விரல் நகத்தைப் பார்த்தேன். ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு நிறம். ஆனால் அழுகை இல்லை, காய்ச்சல் இல்லை. மழைக் குளிர் என்று சொல்லி என் சால்வையைக் கொடுத்தேன். ஊர் நர்சம்மாவிடம் காட்டினார்கள். அவரும் குளிராக இருக்கும், ஆனாலும் சந்தேகமாக இருந்தால் டவுனுக்குக் கொண்டு போங்கள் என்றாராம்.

"கொதிக்க வெக்கறியா?" என்று கேட்டேன்.

"இருவது நிமிசம் அக்கா. பத்து இல்ல, இருவது" என்றாள் பெருமையாக.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் பூல்மணி பால் குடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. பண்ணை வேனில் கொண்டு போய் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

பதினோரு மணிக்குக் குழந்தைகள் டாக்டர் போன் செய்தார். ஹசீனா என்று பெயர். நிதானமான குரல்.

"குழந்தைக்கு ஆக்சிஜன் வெச்சும் நீலம் மாறல. ரத்தம் எடுத்தா ஒரு மாதிரி பழுப்பா இருக்கு. பால் கலக்கற தண்ணி எதுன்னு கேட்டா பண்ணை போர்னு சொல்றாங்க. அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியிருக்குதுங்க."

"நைட்ரேட் பாத்தாங்களா? ரிப்போர்ட் இருந்தா உடனே அனுப்புங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்."

அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"வாரியத்துக்குக் குடுத்ததுதான ரிப்போர்ட்டு. அதை அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினார்: "நன்றி. 18தான் இருக்கு. அப்போ தண்ணி இல்ல. இதயத்துல கோளாறு இருக்கான்னு பாக்கணும்."

மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

காலை ஏழு மணிக்கு மங்கல் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். பாப்பாவுக்கு ஆஸ்பத்திரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சுக்மதி சொல்லியனுப்பியிருக்கிறாள். அடுப்பைப் பற்றவைத்து, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போனான். அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தீவன லாரி வந்தது. மூட்டைகளைச் சரிபார்த்து இறக்கினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை கண்ணாடிக்கு அப்பால் இருந்தது. சுக்மதி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சரியா கொதிக்க வெக்கல அக்கா. ஒரு நாள் கேஸ் இல்ல, கம்மியா கொதிக்க வெச்சேன். ஒரே நாள். அதான் பாப்பாவுக்கு இப்படி."

நாளைக்குக் கோயம்புத்தூர் கொண்டு போய் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கிறார்களாம்.

"உன் மேல தப்பில்ல" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மங்கல் மறுபடி பிளாஸ்க்கோடு வந்தான். நான் குவார்ட்டர்ஸ் வாசலில் அவனுக்கு முன்னால் போய் நின்றிருந்தேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியாது. அவன் அடுப்பில் வைத்த பாத்திரத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். அவன் பயந்து போனான்.

"என்ன அக்கா?"

"இந்தத் தண்ணி வேண்டாம். கடையில பாட்டில் தண்ணி வாங்கு. இது ஒரு சொட்டுகூட வேண்டாம்."

அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். மணி ஏழு நாற்பது.

"டாக்டரம்மா, நான் பண்ணையில இருந்து வசந்தாமணி பேசறனுங்க. நேத்தைக்கு முந்தின நாள் ரிப்போர்ட் அனுப்புனேன்."

"சொல்லுங்க."

"அது இந்தத் தண்ணியோட ரிப்போர்ட் இல்லீங்க."

"அப்போ எந்தத் தண்ணியோடது?"

"வேற கெணத்துத் தண்ணிய ரொப்பிக் குடுத்தோம். போர் தண்ணியில இரநூத்திப் பன்னெண்டு இருந்துச்சுங்க. செப்டம்பர்லயே தெரியும்."

"அந்தத் தண்ணியக் கொதிக்க வெச்சா குடுத்தாங்க?"

"ஆமாங்க. நாந்தான் கொதிக்க வெக்கச் சொன்னேன்."

"நைட்ரேட் கொதிச்சா போகாதும்மா. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ஆம்புலன்ஸ் எட்டு மணிக்குக் கிளம்ப இருந்துச்சு. நிறுத்தறேன். வைங்க போனை."

பத்து மணிக்குள் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்களாம். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்ததாம். மங்கல் போனில் அழுதான். அவன் மொழியிலும் தமிழிலும் கலந்து ஏதோ சொன்னான். பாப்பா சிவப்பு, பாப்பா சிவப்பு என்றது மட்டும் புரிந்தது.

செவ்வாய் பதினோரு மணியிலிருந்து இன்று ஏழு நாற்பது வரை நாற்பத்தைந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை நேரமும் எனக்குத் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"டாக்டரம்மா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எழுதிட்டாங்க. வாரியத்துல இருந்து வரப் போறாங்க."

"தெரியுமுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல வசந்தா? நானே டாக்டர்கிட்டப் பேசியிருப்பேன்."

"பேசியிருப்பீங்களாண்ணா?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"பத்தொம்பது பேர் அங்க சோறு திங்கறாங்க. ஷெட்டை மூடுனா அவங்க எங்க போவாங்க? நான் யாரு குடியக் கெடுக்கறதுக்கும் இதைச் செய்யல. உனக்குத் தெரியும்."

தெரியும். அவர் கெட்டவர் இல்லை. குழந்தை ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்க்கிறார்.

போகும்போது திரும்பி, "ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாரு. அந்தப் பாட்டிலை ரொப்புனது நானா, நீயா?" என்றார். குரல் உயரவில்லை.

அவர் போன பிறகு வெகுநேரம் கதவைச் சாத்தத் தோன்றவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வாரியத்திலிருந்து நித்திலா என்ற பொறியாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். பண்ணை, போர், குழி, தோப்புக் கிணறு எல்லாவற்றையும் அவரே நடந்து அளந்தார். எல்லா இடத்திலும் அவரே பாட்டில் நிரப்பி, அவரே முத்திரை வைத்தார். சுற்றி இருக்கிற மூன்று வீட்டுக் கிணறுகளிலும் எடுத்தார்.

பிறகு என்னை உட்கார வைத்து வாக்குமூலம் எழுதினார்.

"குவார்ட்டர்ஸுக்கும் அதே போர் தண்ணிதான் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

லைன் தனி என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது பொய். அந்தக் குழாய் போட்ட நாளில் பள்ளம் தோண்டியவர்களுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே போர், ஒரே டேங்க்.

"தெரியுமுங்க" என்றேன்.

"நீங்க என்ன தண்ணி குடிச்சீங்க?"

"வீட்டுல இருந்து கொண்டு போவேனுங்க."

"எத்தனை நாளா?"

"நாலு வருசமா. மழைக் காலத்துல தண்ணியில ஒரு வாடை வந்துச்சு. அதுல இருந்து."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். "மேற்படி மாதிரி தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது" என்று இருந்தது.

"எடுக்கப்பட்டதுன்னு வேண்டாமுங்க" என்றேன். "நான் எடுத்தேன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கூடவே என் மேல் வழக்கு வரலாம் என்றும் சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரிடம் எனக்கு மரியாதை வந்தது.

நவம்பர் 27, வியாழன்

சுற்றியுள்ள மூன்று கிணறுகளில் இரண்டு கெட்டிருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆணை வந்துவிட்டது. இசைவாணை மறுப்பு. புதுக் குஞ்சு இறக்கக் கூடாது. இருக்கிற கோழிகளை மூன்று மாதத்துக்குள் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எருக்குழியை மூடி, தூரம் விட்டு, அடியில் கான்கிரீட் போட்டுக் கட்டிய பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரை ஆட்களுக்கும் அந்த இரண்டு வீடுகளுக்கும் பண்ணைதான் லாரியில் குடிதண்ணீர் கொடுக்க வேண்டும். திவாகரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஆறு பேரை அண்ணன் நிறுத்திவிட்டார். நானாகவே அலுவலகச் சாவிகளைக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6, சனி

மளிகைக் கடையில் நான்காம் ஷெட் ராக்கம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "எல்லாத்தையும் நீயே பண்ணிட்டு, எல்லாத்தையும் நீயே சொல்லிட்ட. எங்க சோத்துலதான் மண்ணு." நிறுத்தப்பட்ட ஆறு பேரில் அவளும் ஒருத்தி. அவள் சொன்னதில் எதை மறுப்பது?

டிசம்பர் 11, வியாழன்

மங்கலும் சுக்மதியும் ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேலம் ஸ்டேஷனுக்குப் போனேன். மத்தியான வண்டி. பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை சுக்மதி தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. உதடு எல்லாக் குழந்தைகளின் உதட்டையும் போல இருந்தது.

மங்கல் என்னைப் பார்த்ததும் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டான். வாக்குமூலத்தில் இருந்ததை யாரோ அவனுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சுக்மதி தள்ளிப் போகவில்லை.

நான் வாங்கிப் போயிருந்த ஸ்வெட்டரை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"கொதிக்க வெச்சது தப்பில்ல, உன் மேல எந்தத் தப்பும் இல்ல. தண்ணியே கெட்ட தண்ணி. நீ கொதிக்க வெக்க வெக்கக் கூடிப் போச்சு. கொதிக்க வெக்கச் சொன்னது நான்" என்றேன். வழி முழுக்க பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். சொல்லும்போது வேறு யாரோ பேசுவது போல் இருந்தது.

"அக்கா" என்றாள். "உனக்குத் தெரியுமா? தண்ணி கெட்டுன்னு?"

"தெரியும்."

"எப்போ?"

"நான் வந்து அடுப்பு பத்த வெச்சுக் காட்டுனனே, அதுக்கு முன்னாடியே."

"பாப்பாவுக்கு ஆகாதுன்னு?"

"அதுவும் தெரியும்."

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு பேசத் தொடங்கினாள். தமிழில் இல்லை, அவள் மொழியில். இரண்டு வருஷமாக அவள் என்னிடம் மூன்று சொல், நான்கு சொல்லாகத்தான் பேசியிருக்கிறாள். அவள் இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்றோ, இவ்வளவு பேச அவளிடம் இருந்தது என்றோ எனக்குத் தெரியாது. குரல் ஏறவில்லை. அழவும் இல்லை. நிறுத்தாமல் பேசினாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மங்கல் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவில்லை. வண்டி வந்து, மங்கல் பெட்டியை ஏற்றி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வரை, அவள் எதிரில் நின்று முழுவதையும் கேட்டேன்.